காற்றுக் கணக்கு

போன வருசம் பூரா நான் ஆடியது பதினொரு நிமிசம்.
அதிலும் நாலு நிமிசம்
ஜெயிச்சு முடிந்த ஆட்டத்தில்,
மத்தவங்க மூச்சு வாங்கட்டும் என்று.
சித்திரையில் எட்டுப் பேர் படிப்பை முடித்துப் போனார்கள்.
மூணு பேர் திருப்பூர் கம்பெனிக்கு,
ரெண்டு பேர் ஓசூருக்கு, ஒருத்தன் கனடாவுக்கு,
மிச்ச ரெண்டு பேரைக் கேட்காதீர்கள்.
ஆனி பிறந்தபோது அனுபவசாலி நான் ஒருத்தன்தான்.
பதினொரு நிமிசத்துக்கு ஒரு கேப்டன் பதவி.

பூபேஷ், அட்மிஷன் வரிசையில்
மத்த தலைகளுக்கு மேலே தெரிந்த தலை.
அதுவரை பந்தைத் தொட்டதில்லை.
இன்பரசு கபடிக்காரன்.
எதிராளி பந்தோடு தாண்டினால்
இடுப்பைக் கட்டிக்கொண்டு விழுவான்.
விசில் ஊதினால் எழுந்து,
'பிடிச்சுட்டனுங்களே சார்' என்பான்.
மோகித் அப்பாவின் கயிறு மில்லிலிருந்து நேரே வருவான்,
ஓட ஓடத் தலையிலிருந்து மஞ்சித்தூள் உதிரும்.
மாவட்ட அளவில் ஆடியவன் என்று
விண்ணப்பத்தில் எழுதியிருந்தான் ரியாஸ்.
விசாரித்தால், கேரம்.

உடுமலைக்கு மேற்கே எங்கள் மைதானம்.
கூரை கிடையாது.
கணவாய் வழியாக வருகிற காற்று
காற்றாலைகளைச் சுற்றிவிட்டு,
தென்னைகளை ஒரே பக்கமாகச் சீவிவிட்டு,
கடைசியில் எங்கள் பந்துக்கு வரும்.
வடக்கு வளையம் என்றால் ஒரு முழம் இடப்பக்கம்,
தெற்கு என்றால் வலப்பக்கம்.
பி.டி. சார் சொல்லவில்லை. காற்று சொன்னது.
ஆடி முடிவதற்குள் நாலு பேருக்குக் கை படிந்துவிட்டது.
பூபேஷுக்கு மட்டும் ஏறவில்லை.
வளையம் அங்கதானுங்க இருக்குது, என்பான்,
நேராக அடிப்பான்,
பந்து பருத்திக்காட்டுக்குள் போகும்,
அவனே போய் எடுத்துவருவான்.

கோயமுத்தூரில் முதல் ஆட்டம், உள்ளரங்கம்.
மரத்தரை. தூசுகூட நகராத காற்று.
அங்கேயும் எங்கள் கைக்கு மேற்கு தெரிந்தது.
நான் எறிந்தேன், மேற்கே ஒரு முழம்.
மோகித், அதே ஒரு முழம்.
ரியாஸ், அதே.
பலகையில்கூடப் படவில்லை.
'பக்கத்து வீட்டு வளையத்துக்கு அடிக்கறானுங்கடா'
என்றது ஒரு குரல்.
எழுபத்தெட்டு, முப்பத்தொன்று.
முப்பத்தொன்று எங்களது.

கிணத்துக்கடவு தாண்டும்வரை பஸ்ஸில் பேச்சில்லை.
அப்புறம் இன்பரசு,
'ஒண்ணு பாத்தீங்களாண்ணா?
தப்புனாலும் ஒட்டுக்காத் தப்புனோமுங்க.'
சிரிப்பு அடங்கப் பொள்ளாச்சி ஆயிற்று.
என்னப்பா விசயம் என்றார் கண்டக்டர்.
எங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை.

அப்புறம் அறுபத்தாறு, நாற்பது.
ஐம்பத்தொன்பது, நாற்பத்திநாலு.
ஒரு வெற்றியும் உண்டு,
எதிரணி வண்டி பல்லடத்தில் பஞ்சரானதால்.
அதற்கும் பரோட்டா தின்றோம்.

ஆவணிக் கடைசியில் எங்கள் மண்ணில் ஒரு ஆட்டம்.
வரட்டும், காற்றுக்குள் நிற்க வைக்கிறோம் என்று
ராத்திரியெல்லாம் பேசியிருந்தோம்.
விடிந்து பார்த்தால்
காற்றாலை ஒவ்வொன்றும் கை விரித்து நிற்கிறது.
ஒரு மட்டை அசையவில்லை.
முதல் பாதியில் எல்லாம் மேற்கே போயிற்று,
பூபேஷ் அடித்தது தவிர.
நேராக. மறுபடியும் நேராக.
இருபத்தாறு புள்ளி அவன் ஒருத்தன்.
கடைசி நிமிசம் ரெண்டு பின்தங்கி நிற்கையில்
பந்து என்னிடம் வந்தது.
அவன் கை தூக்கி நின்றதைப் பார்த்தேன்.
பார்த்தும் நானே அடித்தேன்.
ஒரு முழம்.

அதைப் பற்றி அவன் இதுவரை எதுவும் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.

மார்ச்சில் ஜெர்சியைத் துவைத்துக் கொடுத்துவிட்டேன்.
மொத்தம் இருநூற்று எழுபது நிமிசம்
என்று கணக்கெடுத்தான் ரியாஸ்.
ஆனியில் மார்க் ஷீட் வாங்கப் போனபோது
காற்று தொடங்கியிருந்தது.
கம்பிவேலிக்கு அந்தப் பக்கம்
பெயர் தெரியாத ஒரு பொடியன் பந்தோடு நின்றான்.
மஞ்சித்தலை ஒன்று அவனிடம் கத்தியது,
'இன்னும் கொஞ்சம் அக்கட்டால, தம்பி.'
பூபேஷ் குறுக்கே வந்து
'நேரா அடிடா' என்றான்.
பொடியன் ரெண்டு பேரையும் பார்த்தான்.
எனக்கு பஸ் வந்துவிட்டது.